ரேடார் பின்விளக்கின் சார்ஜை நம்பி ஓட்டுவது எப்படி: கொங்குச் சாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரேடார் பின்விளக்கு மாட்டிய சைக்கிளைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை தூரத்துல வண்டி வர்றது தெரியுதுங்க?" என்பது. சொந்தமாக ஒன்று வாங்கிய பிறகு கேள்வி மாறிவிடும்: "சார்ஜ் எத்தனை நேரம் நிக்குதுங்க?"

இரண்டாவது கேள்விக்குத்தான் இந்த வழிகாட்டி. முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: பரவலாகப் புழங்கும் கார்மின் வேரியா ஆர்டிஎல்515 போன்ற மாடல்கள் 140 மீட்டர் வரை பின்னால் பார்க்கும். நெருங்கி வரும் வண்டியை ஹேண்டில்பாரில் இருக்கும் சைக்கிள் கம்ப்யூட்டரிலோ போனிலோ ஒரு புள்ளியாகக் காட்டி, ஒரு 'பீப்' கொடுக்கும்.

சார்ஜைப் பற்றி இத்தனை தூரம் பேச ஒரு காரணம் உண்டு. சாதாரண பின்விளக்கு அணைந்தால் விளக்கு மட்டும்தான் போகிறது. ரேடார் அணைந்தால் அதோடு ஒரு பழக்கமும் சேர்ந்து நம்மைக் கைவிடுகிறது. சில வாரம் ஓட்டிய பிறகு, சத்தம் வரவில்லை என்றால் பின்னால் ஒன்றும் இல்லை என்று மனம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். திரும்பிப் பார்ப்பது குறைந்துவிடும். சார்ஜ் தீர்ந்த ரேடாரிலிருந்தும் சத்தம் வராது. இணைப்பு அறுபடும்போது கம்ப்யூட்டர் ஒருமுறை சொல்லும். பக்கத்தில் ஒரு டாரஸ் லாரி போய்க்கொண்டிருந்தால் அது காதில் விழாது. அதற்குப் பிறகு சாலை காலியாக இருக்கிறதா, ரேடார் செத்துவிட்டதா என்பது திரையைக் குனிந்து பார்க்காமல் தெரியாது. ஆகவே சார்ஜ் எப்போது தீரும் என்பது கிளம்பும் முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கைச் சரியாகப் படிப்பது

2020இல் வந்த ஆர்டிஎல்515ஐ எடுத்துக்கொள்வோம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது 16 மணி நேரம். அது பகல் ஃபிளாஷ் மோடுக்கு மட்டும். நிலையாக எரியவிட்டால் 6 மணி நேரம். இரவு ஃபிளாஷுக்கும் 6 மணி நேரம். கூட்டமாக ஓட்டும்போது பின்னால் வருபவரின் கண்ணைக் கூசாமல் மங்கலாக எரியும் பெலட்டான் மோடில் 8 மணி நேரம்.

இப்போது வெளிச்சத்தின் அளவைப் பாருங்கள்; அதை லூமன் என்ற அலகில் சொல்வார்கள். பகல் ஃபிளாஷ் 65 லூமன், இரவு ஃபிளாஷ் 29, நிலையான ஒளி 20, பெலட்டான் வெறும் 8. அதாவது கண்ணைப் பறிக்கிற மோடுதான் அதிக நேரம் நிற்கிறது. இருப்பதிலேயே மங்கலான மோடு அதில் பாதி நேரம்தான் தாங்குகிறது. புதிதாக வாங்கியவர்கள் பலர் சார்ஜை மிச்சப்படுத்துவதாக நினைத்து, பகலில் மங்கலான மோடில் வைத்து ஓட்டுவது இது புரியாததால்தான். பகல் ஃபிளாஷில் எல்இடி ஒரு நொடியின் சிறு பகுதி மட்டும் பளிச்சிட்டுவிட்டு, மீதி நேரம் அணைந்தே இருக்கிறது. பெலட்டானில் மங்கலாக இருந்தாலும் ஓய்வு இல்லை. எத்தனை பிரகாசம் என்பதைவிட, எவ்வளவு நேரம் எரிந்தபடியே இருக்கிறது என்பதுதான் பேட்டரியைத் தின்கிறது.

இன்னொன்றும் உண்டு. அதே ஆண்டில் கார்மின் கொண்டுவந்த ஆர்விஆர்315இல் விளக்கே கிடையாது, வெறும் ரேடார். உருவில் சிறியதான அது தாங்குவது 7 மணி நேரம். விளக்கை அணைத்தால் போதும், நாள் முழுக்க ஓடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; ரேடார் தன் பங்கைத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். கேமராவும் சேர்ந்த ஆர்சிடி715 (2022) மாதிரியானவற்றில் வீடியோ பதிவு ஓடிக்கொண்டிருந்தால் மோடைப் பொறுத்து 4 முதல் 6 மணி நேரம்தான். காலையில் மருதமலை அடிவாரம் வரை போய்வருகிறவருக்கு அது தாராளம். வால்பாறைக்குப் போகிறவருக்குப் போதாது.

உங்களுடையது வேறு நிறுவனத்தின் மாடலாக இருந்தால் கையேட்டில் ஒவ்வொரு மோடுக்கும் எதிரே உள்ள மணிக்கணக்கைத் தனித்தனியாக ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே நான் போடும் கணக்குகள் ஆர்டிஎல்515ஐ வைத்துப் போட்டவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: உங்கள் விளக்கு நிஜமாக எத்தனை நேரம் தாங்குகிறது என்று அளப்பது

பெட்டியில் இருக்கும் எண் புது பேட்டரிக்கு, நல்ல சூழ்நிலைக்கு. ஈரோடு வெயிலில் இரண்டு கோடை பார்த்த பேட்டரிக்கு அது பொருந்தாது. வீட்டிலேயே அளந்துவிடலாம்.

1. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பச்சை விளக்கு வந்த பிறகும் அரை மணி நேரம் விட்டு எடுக்கவும்.
2. நீங்கள் அதிகம் பயன்படுத்தும் மோடில் வைத்து, கம்ப்யூட்டரோடோ போனோடோ இணைக்கவும். இணைக்காமல் விட்டால் சில மாடல்கள் தானாகவே தூங்கப் போய்விடும், அளவு தப்பாகிவிடும்.
3. ரேடாரைச் சுவர் பக்கம் பார்க்க வைக்கவும். சுற்றும் மின்விசிறி, நடமாடும் ஆட்கள் இருக்கும் பக்கம் திருப்ப வேண்டாம்.
4. மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளவும்: ஆரம்பித்த நேரம், 'பேட்டரி குறைவு' என்ற முதல் எச்சரிக்கை வந்த நேரம், கடைசியாக அணைந்த நேரம்.

இந்த மூன்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலான இடைவெளி. பைக் டேங்கில் ரிசர்வ் விழுந்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருப்பது மாதிரி, சிவப்பு எரிந்த பிறகு எத்தனை நிமிடம் மிச்சம் என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் பல கம்ப்யூட்டர்கள் ரேடாரின் சார்ஜைச் சதவீதமாகக் காட்டுவதில்லை. சைக்கிள் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் கம்பியில்லா இணைப்பான ஏஎன்டி பிளஸ் வழியாக வருவது 'குட்', 'ஓகே', 'லோ', 'கிரிட்டிக்கல்' என்ற மாதிரி நிலைகள்தான். லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் நெடுநேரம் கிட்டத்தட்டச் சமமாக நின்றுவிட்டுக் கடைசியில் திடீரென்று இறங்கும் இயல்புடையது. அதனால் காலையிலிருந்து 'குட்' என்றே காட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் 'லோ' என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

இந்தச் சோதனையை ஆண்டுக்கு இரண்டு தடவை செய்தால் போதும். பொங்கல் விடுமுறையில் ஒன்று, ஆடிப்பெருக்கு சமயத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அடிக்கடி முழுதாகக் காலி செய்வது லித்தியம் பேட்டரிக்கு நல்லதில்லை.

மூன்றாம் படி: பயணத்தை மணிக்கணக்கில் போடுவது

சைக்கிள்காரர்கள் எல்லாவற்றையும் கிலோமீட்டரில் பேசிப் பழகியவர்கள். ரேடாருக்குக் கிலோமீட்டர் தெரியாது. 100 கிலோமீட்டர் என்பது அவிநாசி, பெருந்துறைப் பக்கம் சமதளத்தில் ஒரு நேரம். ஆழியாறு தாண்டி மலையேறும்போது வேறு நேரம்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு செலவு என்று மாற்றிக்கொண்டால் கணக்கு எளிது. 16 மணி நேரம் தாங்கும் பகல் ஃபிளாஷில் மணிக்குச் சுமார் 6 சதவீதம். 6 மணி நேரம் தாங்கும் நிலையான ஒளியில் மணிக்குச் சுமார் 17 சதவீதம். இருட்டில் ஓட்டும் ஒரு மணி நேரம், பகலில் ஓட்டும் மூன்று மணி நேரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கோவையிலிருந்து வால்பாறை போய்வருவதை எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சி 40 கிலோமீட்டர், அங்கிருந்து வால்பாறை சுமார் 65. அதில் ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலை 4.30க்குக் கிளம்பினால் பொள்ளாச்சி சேர்ந்து வெளிச்சம் வர 6.30 ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் நிலையான ஒளி என்றால் 33 சதவீதம் போயிற்று. பிறகு பகல் ஃபிளாஷுக்கு மாற்றி, ஏறி, இறங்கி, மாலை 5 மணிக்குக் கோவை திரும்பினால் அது பத்தரை மணி நேரம். சுமார் 66 சதவீதம். மொத்தம் 99.

புது பேட்டரிக்கே இது இழுபறி. கொள்ளளவில் 80 சதவீதம்தான் மிச்சம் இருக்கும் பழைய பேட்டரி என்றால், மதியம் 2 மணி வாக்கில், பொள்ளாச்சி திரும்புகிற சமயத்தில் அணைந்துவிடும். அதற்கு மேல்தான் கோவை ரோட்டில் வண்டி அதிகம். ரேடார் மிகத் தேவைப்படும் இடத்தில் அது இருக்காது.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள். இருட்டு நேரத்தில் ரேடார் விளக்குக்குப் பதிலாகத் தனி பின்விளக்கு ஒன்றை எரியவிட்டு, ரேடாரை மட்டும் ஓடவிடுவது ஒன்று. விளக்கை அணைத்தாலும் ரேடார் ஓடும் வசதி உள்ள மாடல்களில் இது முடியும். நிற்கும்போதெல்லாம் ரேடாரை அணைப்பது இரண்டாவது. சாப்பாடு, டீ, போட்டோ எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் தேறும். 12 சதவீதம் மிச்சம். வால்பாறையில் சாப்பிடும்போது சார்ஜ் போடுவது மூன்றாவது.

வேண்டாத வழி ஒன்றும் உண்டு. சார்ஜ் மிச்சம் பிடிக்கப் பகல் ஃபிளாஷையே இருட்டிலும் விட்டுவைப்பது. அந்த 65 லூமன் சூரிய வெளிச்சத்தோடு போட்டி போடுவதற்கானது. இருட்டில் பின்னால் வரும் பைக்காரருக்குக் கண் கூசும். நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று மதிப்பிடவும் முடியாது. மலைவளைவுகளில் ரேடாரை அணைத்துவைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் வண்டியை ரேடார் பார்க்காது என்பது உண்மைதான். அது நேர்கோட்டில்தான் பார்க்கும். ஆனால் வளைவுகளுக்கு இடையில் உள்ள நேரான பகுதிகளில், எட்டு பத்து கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு வாங்க ஏறும்போது, பின்னால் பஸ் வருவதை அது சொல்லும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பேக்கரி வாசல்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேற்குக் காற்றைப் பற்றிக் கொங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பது சும்மா இல்லை. தாராபுரத்திலிருந்து உடுமலை வழியாகப் பொள்ளாச்சிக்கு அந்த மாதங்களில் மேற்கே ஓட்டினால், மற்ற நாளில் மூன்று மணி நேரத்தில் முடிகிற தூரம் நான்கு, நாலரை என்று இழுக்கும். ரேடாரின் பேட்டரிக்குக் காற்று தெரியாது. கூடுதலான நேரம் தெரியும். ஆடியில் மேற்கே போகும் பயணத்துக்கு மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் கூட்டியே நான் கணக்குப் போடுவேன்.

பொதுவான ஒரு விதி வேண்டுமென்றால்: வீட்டில் அளந்த நேரத்தில் 70 சதவீதத்துக்குமேல் நம்பாதீர்கள். சாலையில் வண்டி நெருங்கும்போதெல்லாம் பிரகாசத்தைக் கூட்டி வேகமாக மின்னும் மாடல்கள் இருக்கின்றன. வண்டி ஓயாத அவிநாசி ரோட்டில் அவை வீட்டுச் சோதனையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே செலவழிக்கும்.

நான்காம் படி: வீட்டில் சார்ஜ் போடும் பழக்கம்

சைக்கிளை உள்ளே வைத்த கையோடு ரேடாரைக் கழற்றி எடுத்துச் சார்ஜில் போடுவது எளிய பழக்கம். அதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: வெயிலில் வந்த சூட்டோடு போட வேண்டாம். லித்தியம் அயான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஏற்ற வெப்பநிலை 0 முதல் 45 டிகிரி வரை. ஈரோட்டிலும் கரூரிலும் அக்னி நட்சத்திரத்தில் காற்றே 40 டிகிரியைத் தொடும்; வெயிலில் கிடந்த கறுப்புப் பிளாஸ்டிக் அதைத் தாண்டியிருக்கும். குளித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆறிவிடும், அப்புறம் போடலாம். மொட்டை மாடி அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உள்ள ஷெட், ஜன்னலோரம் இவை மூன்றும் சார்ஜ் போடும் இடங்கள் இல்லை.

இதைவிட மோசம், கதவடைத்து வெயிலில் நிறுத்திய கார். சைக்கிளைக் காரில் ஏற்றிச் சத்தியமங்கலம் வரை கொண்டுபோய் அங்கிருந்து ஓட்டுகிறவர்கள், திரும்பி வந்து சாப்பிடப் போகும்போது ரேடாரை டேஷ்போர்டில் விட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே 60 டிகிரியைத் தாண்டும். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரியை அந்தச் சூட்டில் வைப்பதுபோல அதன் ஆயுளைக் குறைப்பது வேறெதுவும் இல்லை. கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மின்தடை விஷயத்தைக் கொங்கில் கணக்கில் எடுக்காமல் முடியாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போன கரண்ட் மாலை 4, 5 மணிக்குத்தான் வரும். ஞாயிறு பயணத்துக்குச் சனிக்கிழமை பகலில் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். வெள்ளி இரவே போட்டுவிட்டால் சனிக்கிழமை என்ன நடந்தாலும் கவலை இல்லை.

கேபிள் விஷயத்தில் இரண்டு குறிப்புகள். ஆர்டிஎல்515 போன்ற பழையவற்றில் மைக்ரோ யூஎஸ்பி. அந்தத் துளை நாளாக நாளாகத் தளர்ந்து, கேபிள் ஆடினால் சார்ஜ் நின்றுவிடும். சார்ஜ் போட்ட ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை விளக்கைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள். டைப்-சி துளை உள்ள புதிய மாடல்களில் வேறொரு சிக்கல்: சில கருவிகள் இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில், புதிய போன் சார்ஜரிலிருந்து சார்ஜே ஏறாது, ஒரு பக்கம் பழைய பெரிய யூஎஸ்பி உள்ள கேபிளில் ஏறும். கருவிக்குள் இருக்க வேண்டிய ஒரு சிறு மின்தடையத்தை வைக்காமல் விட்டதால் வருவது இது. ரேடார் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போகும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மழையில் ஓட்டினால் துளையின் ரப்பர் மூடி சரியாக அடைத்திருக்கிறதா என்று கிளம்பும் முன் அழுத்திப் பார்க்கவும். ஐபிஎக்ஸ்7 என்ற நீர்த்தடுப்புத் தரம் போட்டிருந்தால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். வாட்டர் சர்வீஸ் கடையில் பீய்ச்சி அடிக்கும் குழாய்க்கு அந்த வாக்குறுதி பொருந்தாது. கழுவக் கொடுக்கும்போது கழற்றிவிடுங்கள். மழையில் நனைந்து வந்த அன்று துளையைத் துடைத்து, மூடியைத் திறந்து நிழலில் இரண்டு மணி நேரம் காயவைத்த பிறகே கேபிளைச் செருக வேண்டும். ஈரத்தோடு செருகினால் உள்ளே இருக்கும் முனைகள் பச்சை பிடித்து அரிக்கும்.

ஐந்தாம் படி: வழியில் சார்ஜ் ஏற்றுவது

கோவை மாவட்டத்தின் சாலையோர பேக்கரிகள் இந்த விஷயத்தில் ஒரு பெரிய வசதி. டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு, "அண்ணா, கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டால் மறுப்பவர் அரிது. இருபது நிமிடத்தில் முழுதாக ஏறாது. ஆனால் காலியாக இருக்கும் லித்தியம் பேட்டரி ஆரம்பத்தில் வேகமாக ஏறும், நிறைய நிறைய மெதுவாகும். அதனால் 'லோ' வந்த பிறகு போடும் இருபது நிமிடம், 80 சதவீதத்தில் போடும் இருபது நிமிடத்தைவிட மதிப்பு அதிகம். கேபிளை மட்டும் நம்பாமல் சின்ன சார்ஜர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் பிளக் இருக்கும், சார்ஜர் இருக்காது.

பவர் பேங்க் எடுத்துச் செல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரேடார் இழுக்கும் மின்சாரம் போனைவிடக் குறைவு. கடைசிக் கட்டத்தில் இன்னும் குறையும். சில பவர் பேங்குகள் ஒன்றும் செருகவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். குறைந்த மின்னோட்ட மோடு உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். இல்லையென்றால் போனையும் சேர்த்துச் செருகிவிட்டால் பெரும்பாலும் அணையாமல் ஓடும். அளவில் பெரியது தேவையில்லை. கொள்ளளவு 10,000 எம்ஏஎச் இருந்தால் போனுக்கும் ரேடாருக்கும் தாராளம்.

ஓட்டிக்கொண்டே சார்ஜ் ஏற்றலாமா? மாடலுக்கு மாடல் மாறும். கேபிளைச் செருகியதும் ரேடாரை நிறுத்திவிடும் கருவி ஒன்று, தொடர்ந்து ஓடும் கருவி ஒன்று. வீட்டிலேயே செருகிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஓடினாலும், மூடி திறந்த துளையில் சாலைத் தூசியும் மழைத்துளியும் போகும் என்பதால் மழைக்காலத்தில் இதைச் செய்ய மாட்டேன்.

பிரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணங்களை ஓட்டுகிறவர்களுக்கு வேறு கணக்கு. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40 மணி என்று நேர வரம்பு. 200ஐ அதிகாலையில் தொடங்கிப் பெரும்பாலும் பகலிலேயே முடித்தால் ஒரே சார்ஜில் சமாளிக்கலாம். 300லிருந்து சமாளிக்க முடியாது. காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 1 மணிக்கு முடிப்பதாக வைத்துக்கொண்டால், பகல் ஃபிளாஷ் பன்னிரண்டரை மணி நேரம், நிலையான ஒளி ஏழரை மணி நேரம். மொத்தச் செலவு 200 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது வழியில் ஒரு முழுச் சார்ஜ் ஏற்றினாலும் கடைசியில் இருட்டிலேயே அணையும். இங்கேதான் தனி பின்விளக்கு வந்தாக வேண்டும். இரவு முழுக்க அது எரியட்டும். ரேடாரின் சார்ஜை ரேடாருக்கே விடுங்கள்.

காட்டுச் சாலைகளில் பிளக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பண்ணாரியைத் தாண்டித் திம்பம் ஏறினால் 27 வளைவுகள், சுற்றிலும் புலிகள் காப்பகம். டீ குடிக்கவும் நிற்கக் கூடாது, சார்ஜ் எங்கே போடுவது? அடிவாரத்திலேயே கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவுகள் ஏறுகிறவர்களுக்கும் அதே.

ஊட்டிப் பக்கம் மார்கழி, தை விடியலில் ஓட்டினால் குளிரில் பேட்டரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கும். கீழே மேட்டுப்பாளையம் வந்து சூடேறியதும் கொஞ்சம் மீளும். நம் சமவெளிக்கு இந்தக் கவலை கிடையாது.

ஆறாம் படி: அணைந்துபோனால்

கம்ப்யூட்டரில் ரேடார் இணைப்பு அறுந்தால் வரும் சத்தமும் படமும் எப்படி இருக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டில் இணைத்துவைத்து, ரேடாரை நீங்களே அணைத்துப் பாருங்கள். அந்த ஒலியைக் காது பழகிக்கொள்ளட்டும். வண்டி வரும்போது வரும் ஒலியிலிருந்து அது வேறாக இருக்க வேண்டும். அமைப்பில் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

போனையே கம்ப்யூட்டராக வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு கவலை. திரை எரிய, ஜிபிஎஸ் ஓட, வெயிலில் போன் ரேடாருக்கு முன்பே படுத்துவிடும். ரேடார் பின்னால் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். சொல்வதைக் கேட்க ஆள் இருக்காது. திரையை அணைத்துவிட்டு ஒலியும் அதிர்வும் மட்டும் வரும்படி வைத்தால் போன் நெடுநேரம் தாங்கும். திரை அணைந்த பிறகும் எச்சரிக்கை வருகிறதா, பேட்டரி சேமிப்பு மோடு அந்தச் செயலியைப் பின்னணியில் கொன்றுவிடுகிறதா என்பதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

மாற்று விளக்குக்கு என் பரிந்துரை, ஏஏஏ பேட்டரி போடும் சாதாரணப் பின்விளக்கு. அழகு கம்மி. ஆனால் அந்த பேட்டரி குன்னத்தூரிலும் கிடைக்கும், ஆனைமலையிலும் கிடைக்கும். மளிகைக் கடையில் வாங்கிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். சீட்டுக்குக் கீழே ரேடார் இருக்கும்; இதைச் சக்கரத்துக்கு மேலே போகும் சட்டத்தில் வலப்பக்கமாக மாட்டுங்கள், நம் ஊரில் வண்டிகள் முந்துவது அந்தப் பக்கம்தான். ஹேண்டில்பார் முனையில் ஒரு சின்னக் கண்ணாடியும் இருந்தால், ரேடார் அணைந்த பிறகு பின்னால் பார்க்கும் பழக்கம் திரும்ப வரும்வரை அது துணை.

அணைந்துவிட்டது என்று தெரிந்தால் வண்டிகளைப் புள்ளியாகக் காட்டும் ரேடார் பட்டையைக் கம்ப்யூட்டர் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது அந்தத் திரையைவிட்டு வேறு திரைக்குப் போங்கள். காலியாகக் கிடக்கும் பட்டை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் காலியான சாலை என்றே மூளை வாசிக்கும்.

ஓய்வில் வைப்பதும் வயதாவதும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சைக்கிளை எடுக்காமல் விடுகிறவர்கள் ரேடாரை முழுச் சார்ஜிலும் வைக்க வேண்டாம், காலியாகவும் வைக்க வேண்டாம். பாதி அளவு ஏற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக் கொஞ்சம் ஏற்றினால் போதும். காலியாகவே பல மாதம் கிடந்தால் மின்னழுத்தம் அடிமட்டத்துக்குக் கீழே போய், பாதுகாப்புச் சுற்று பேட்டரியைத் துண்டித்துவிடலாம். பிறகு எந்த சார்ஜரில் போட்டாலும் எழுந்திருக்காது. பையில் போடும்போது பொத்தான் எதிலும் அழுந்தாதபடி வைக்கவும். பைக்குள்ளேயே எரிந்து காலியாவது அதிகம் நடப்பதுதான்.

லித்தியம் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு கொள்ளளவில் சுமார் 80 சதவீதத்துக்கு வரும். வாரம் இருமுறை பாதிப் பாதி சார்ஜ் போடுகிறவருக்கு அந்தச் சுற்றுகள் தீரப் பல வருடம் ஆகும். அதற்குள் வெயில்தான் முந்திக்கொள்ளும். ஆடிப்பெருக்குச் சோதனையில் வீட்டிலேயே 16 மணிக்குப் பதில் 9, 10 மணி என்று வந்தால் அதை நெடும்பயணத்துக்கு நம்புவதை விட்டுவிடலாம். பேட்டரி உள்ளேயே ஒட்டிவைத்த மாடல்களைத் திறந்து வேறு பேட்டரி போட்டுத் தர ஆட்கள் இருக்கிறார்கள். போட்டுக் கொடுப்பார்கள், ஆனால் தண்ணீர் புகாமல் இருந்த பழைய அடைப்பு திரும்ப வராது. மழையில் ஓட்டுகிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். பழைய ரேடாரை வாங்குகிறவரும் விலை பேசும் முன் இரண்டாம் படியில் சொன்ன சோதனையைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஆகும், ஆகட்டும்.

நெடும்பயணத்துக்கு ஆகாது என்பதால் தூக்கிப்போட வேண்டியதில்லை. பகல் ஃபிளாஷில் நான்கு மணி நேரம் தாங்கும் ரேடார், உக்கடத்திலிருந்து பேரூர் போய்வருவதற்கோ வேலைக்குப் போகும் சைக்கிளுக்கோ இன்னும் சில வருடம் உழைக்கும். உப்பியிருந்தாலோ சார்ஜ் போடும்போது கை வைக்க முடியாத அளவு சூடானாலோ அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், மின்கழிவு எடுக்கும் இடத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். குப்பை லாரியில் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.